ரெண்டரை இஞ்ச் குழாய்

எனக்குப் பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதற்கெல்லாம் அதுதான் காரணம்.

கடையத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு கிணறும், அரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலாக நிலமும் உண்டு. தண்டங்கீரை போடுகிறோம். விடியும்போதே பிடுங்கி, வேரை நறுக்கி, அலசி, கட்டுப் போட்டு வைத்தால் ஏழு மணிக்கு லோடு ஆட்டோ வந்து ஏற்றிக்கொண்டு போகும். தென்காசிக் கடைகளுக்குக் கொஞ்சம், சீசன் நேரத்தில் குற்றாலத்து மெஸ்களுக்கு மிச்சம்.

முன்பு வாழைநாரில்தான் கட்டினோம். நார் ஈரத்தில் அழுகிக் கீரையில் ஒட்டுகிறது என்று கடைக்காரர்கள் முகம் சுளித்தார்கள், ரப்பர் பேண்டுக்கு மாறினோம். என் வீட்டுக்காரருக்கு அதில் ஒரு வித்தை உண்டு. முப்பது நாற்பது ரப்பர் பேண்டை வலது மணிக்கட்டில் வளையல் மாதிரி மாட்டிக்கொள்வார். அதே கையால் ஒரு பிடி தண்டை அள்ளிப் பிடிப்பார். இடது கையால் மணிக்கட்டிலிருந்து ஒரு ரப்பரை உருட்டி, விரல்களைத் தாண்டித் தண்டின் மேல் இறக்கிவிடுவார். ஒரு கட்டு முடிந்தது. அவர் ஐந்து போடும் நேரத்தில் நான் இரண்டு போடுவேன், அதிலும் ஒன்று அவிழும். "வளையல் போட்ட மாப்பிள்ளை" என்று கேலி செய்வேன். வேலை முடிந்து கழற்றினால் மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாகத் தடம் பதிந்திருக்கும். "ரத்தம் ஓடாம ஒரு நாளு கை மரத்துத்தான் போகப்போவுது, பாத்துக்கிடுங்க" என்று திட்டுவேன். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு சிரிப்பார்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஆனி மாதம். மூன்று நாளாகச் சாரல் விடவில்லை. குற்றாலத்தில் நல்ல கூட்டம், வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கீரை கேட்டிருந்தார்கள். ஆறு மணி இருக்கும். அவர் கையிலிருந்து ஒரு பிடி தண்டு நழுவிச் சேற்றில் விழுந்தது. குனிந்து எடுத்தார், மறுபடியும் விழுந்தது.

"ஏட்டி, கை மரத்துப்போச்சு" என்றார்.

"நான் சொல்லிக்கிட்டேதான இருக்கேன், கேட்டியளா?" என்று எழுந்து போனேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த நேரத்தில் கொஞ்சம் சந்தோஷம்கூட. நான் சொன்னது பலித்துவிட்டது அல்லவா! மணிக்கட்டிலிருந்த ரப்பரையெல்லாம் கழற்றினேன். தடம் சிவந்து கிடந்தது. இதோ பாருங்கள், இதுதான் என்று அந்தத் தடத்தை அவருக்கே காட்டினேன். மோட்டார் ரூமிலிருந்து எண்ணெய் எடுத்துவந்து பரபரவென்று தேய்த்தேன். கை கனமாக இருந்தது. ஈரத்தில் விறைத்திருக்கிறது என்று நினைத்தேன்.

மோட்டார் ரூமில் ஒரு கயிற்றுக்கட்டில் கிடக்கும். அதில் படுக்கவைத்தேன். அவர் என்னைப் பார்த்து, "வண்டி" என்றார். குரல் குழறியது. வெற்றிலை போட்ட வாய், என்றைக்குத்தான் தெளிவாகப் பேசியிருக்கிறார்?

"வண்டி வந்தா நான் ஏத்திவிடுதேன். நீங்க செத்த நேரம் படுங்க."

"வண்டி... வண்டி" என்றார் மறுபடியும்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வெளியே பாதிக் கீரை கட்டாமல் கிடக்கிறது, இவர் வேறு நச்சரிக்கிறார். "ஒரு நாளு நான் கட்டுனா கட்டு நிக்காதோ? வாய மூடிக்கிட்டுப் படுங்க" என்றேன்.

அவர் வாயை மூடிக்கொண்டார்.

அவர் கையிலிருந்து கழற்றிய ரப்பரை என் கையில் மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். ஏழு மணிக்குள் அத்தனையும் கட்டி முடித்துவிட்டேன். எனக்கே ஆச்சரியம். ஏற்றி அனுப்பிவிட்டு எட்டிப் பார்த்தேன். சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தார். தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன். பாத்தியில் களை எடுத்தேன். டீ போட்டுக் குடித்தேன். பத்து மணிக்குமேல் என் கொழுந்தன் மோட்டார் போட வந்து, உள்ளே போன வேகத்தில் வெளியே ஓடிவந்தான். "மதினி, அண்ணன் வாய் ஒரு பக்கமாக் கோணிக்கிட்டுப் போவுது!"

தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போய், ஸ்கேன் எடுத்து முடிக்கையில் பன்னிரண்டு மணி. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார் டாக்டர். சின்ன வயது டாக்டர், முகத்தில் தூக்கமில்லை. "எப்ப ஆரம்பிச்சது?" என்று கேட்டார். காலை ஆறு மணி என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலரை மணி நேரத்துக்குள் கொண்டுவந்திருந்தால் அடைப்பைக் கரைக்க ஒரு ஊசி உண்டு, இப்போது போட முடியாது என்றார். "ஏன்மா இவ்வளவு நேரம்?"

"கை மரத்துப்போச்சுன்னு நெனச்சோம்" என்றேன்.

நினைத்தோம். நினைத்தேன் என்று சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற கொழுந்தனும் அப்படியே எடுத்துக்கொண்டான், டாக்டரும் அப்படியே எழுதிக்கொண்டார். அண்ணாச்சியே மரத்துப்போச்சு என்று படுத்துவிட்டார் பாவம் என்றுதான் ஊர் முழுக்கப் பேச்சு. அவர் இரண்டு தடவை வண்டி என்று சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும். கீரை வண்டியைச் சொன்னாரா? தன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு வண்டி கூப்பிடச் சொன்னாரா? முதலாவது என்றால் நான் முட்டாள், அவ்வளவுதான். இரண்டாவது என்றால், கேட்டவரை வாயை மூடச் சொல்லிவிட்டு நான் கீரை கட்டியிருக்கிறேன்.

அவரைக் கேட்டுவிடலாம் என்றால் அவருக்குப் பேச்சு போய்விட்டது. வலது கையும் போய்விட்டது. கால் மெல்லத் திரும்பியது. இருபது நாள் கழித்து ஒரே ஒரு வார்த்தை வந்தது. "சரி." சிலருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் தங்கிவிடும் என்று டாக்டர் சொன்னார். சாப்பிடுகிறீர்களா, சரி. வேண்டாமா, சரி. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர் வேடிக்கையாக, "என்ன அண்ணாச்சி, ஒங்க நெலத்த எனக்கு எழுதித் தாறியளா?" என்று கேட்டதற்கும் சரி. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் பாதி வாயால் சிரித்தார். முப்பது வருடமாக நான் எது சொன்னாலும் ஒரு தடவையாவது மறுத்துப் பேசாமல் இருந்ததில்லை அந்த மனிதர்.

அருவித் தண்ணீர் விழுந்தால் கை வந்துவிடும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஐப்பசி மழையில் மறுபடி தண்ணீர் விழவும், கொழுந்தன் அவரை ஐந்தருவிக்குக் கூட்டிப்போனான். நானும் போனேன். ஆண்கள் பக்கம் வேறு, பெண்கள் பக்கம் வேறு. அவரை அவன் தாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போக, நான் இந்தப் பக்கம் கூட்டத்துக்குள் நுழைந்து தண்ணீருக்கு அடியில் நின்றேன். அந்த இரைச்சலில் யார் என்ன பேசினாலும் கேட்காது. நான் வாய்விட்டுச் சொன்னேன். நான்தான் போட்டேன், வண்டி கேட்டவரை நான்தான் படுக்கப் போட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பக்கத்தில் நின்ற பெண், நான் சாமியைக் கூப்பிடுவதாக நினைத்து நகர்ந்து இடம் விட்டாள். வெளியே வந்தால் அவர் தலை துவட்டி உட்கார்ந்திருந்தார். "கையில தண்ணி விழுந்தது தெரிஞ்சுதான்னு கேட்டேன் மதினி, சரிங்காரு" என்றான் கொழுந்தன். அவன் கண் கலங்கியிருந்தது.

வீட்டில் சும்மா உட்கார அவரால் முடியவில்லை. காலையில் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்துவிடுவார். நான் கட்டும்போதெல்லாம் அவருடைய இடது கை தானாக விரிந்து மூடும். ஒரு நாள் ஒற்றைக் கையால் போட்டுப் பார்த்தார். ரப்பரைப் பல்லில் கடித்து இழுத்தார், அது அறுந்து உதட்டில் அடித்தது. தண்டெல்லாம் சிதறியது. அவர் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சிதறியதைப் பொறுக்கினேன்.

இரண்டு நாள் யோசித்தேன். ரப்பரை மாட்டிவைக்கவும் தண்டைப் பிடித்துக்கொள்ளவும் அவருக்கு இன்னொரு கை வேண்டும். அந்தக் கை அவருடையதாகத்தான் இருக்கவேண்டும் என்று என்ன கட்டாயம்? ஒரு கட்டுக் கீரையைப் பையில் போட்டுக்கொண்டு தென்காசிக்கு பஸ் ஏறினேன். தண்ணீர்க் குழாய் விற்கிற கடையில் போய், இது நுழைகிற அளவுக்கு ஒரு துண்டுக் குழாய் வேண்டும் என்றேன்.

"எத்தன இஞ்ச், ஆச்சி?"

"எனக்கென்ன தெரியும்? நீயே போட்டுப் பாரு."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு குழாயிலும் கீரைக்கட்டை நுழைத்துப் பார்த்தார். ரெண்டரை இஞ்ச் சரியாக இருந்தது. ஒரு சாண் நீளத்துக்கு அறுத்து, இலை கிழியாதபடி விளிம்பைத் தேய்த்துக் கொடுத்தார். கீரைக்கட்டை அவருக்கே கொடுத்துவிட்டு வந்தேன்.

கொழுந்தன் அதை ஒரு பலகையின் ஓரத்தில் படுக்கைவாக்கில் வைத்து, கிளாம்பு போட்டு இறுக்கினான். குழாயின் முன்வாய்ப் பக்கம் ரப்பர் பேண்டுகளை வரிசையாக மாட்டிவைப்பது என் வேலை. அவர் இடது கையால் ஒரு பிடி தண்டைப் பின்வாய் வழியாக நுழைப்பார். தண்டின் அடி முன்னால் எட்டிப் பார்க்கும். கட்டைவிரலால் ஒரு ரப்பரை உருட்டித் தள்ளினால், அது குழாயைவிட்டு இறங்கித் தண்டைக் கவ்வும். பிறகு வந்த வழியே இழுத்துக்கொள்ளலாம். முதல் நாள் இலை கசங்கியது. இரண்டாம் நாள் ரப்பர் இரண்டிரண்டாக விழுந்தது. நாலாம் நாள் ஒரு கட்டு, கச்சிதமாக, அவருடைய பழைய கட்டு மாதிரியே வந்தது. அதைத் தூக்கி என்னிடம் காட்டி, "சரி" என்றார். நான் அவர் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தேன். அவ்வளவு சந்தோஷம்.

அது கொஞ்ச நேரம்தான் நின்றது. ஊரில் செய்தி பரவிவிட்டது. வந்து பார்க்கிறவர்கள் எல்லாம் என்னைத்தான் புகழ்ந்தார்கள். "மதினி மட்டும் இல்லேன்னா அண்ணாச்சி என்ன கதி ஆயிருப்பாரு?" என்பார்கள் அவரை வைத்துக்கொண்டே. அவர் பாட்டுக்குத் தலையை ஆட்டிச் சரி என்பார். எனக்கு மேலெல்லாம் எரியும். நான் இல்லையென்றால் அவர் என்ன கதி ஆகியிருப்பார்? வேறு யாராவது பக்கத்தில் இருந்து, வண்டி என்றதும் ஓடிப்போய் வண்டி பிடித்திருப்பார்கள். இதை யாரிடம் சொல்ல? டாக்டரிடம் ஒரு தடவை மெல்லக் கேட்டேன், அந்த ஊசி போட்டிருந்தால் கை வந்திருக்குமா என்று. வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம், யாராலும் சொல்ல முடியாதும்மா என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அதிலும் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி போன மாதம் ஒரு வழி சொல்லிக்கொடுத்தாள். வாயால் கேட்காதீர்கள், இரண்டு பொருளை முன்னால் வையுங்கள், வேண்டியதை எடுப்பார் என்றாள். தண்ணீர்ச் செம்பையும் காப்பி டம்ளரையும் வைத்தேன். காப்பியை எடுத்தார். மறுநாள் இடம் மாற்றி வைத்தேன். அப்போதும் காப்பிதான். காப்பிக்கு நடக்கிறது என்றால் வண்டிக்கும் நடக்கும்.

அடுத்த நாள் விடியற்காலை. வண்டி வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அவர் போட்ட இரண்டு கட்டை எடுத்துப் பலகையின் மேல் அவருக்கு முன்னால் தள்ளித் தள்ளி வைத்தேன். அவர் முகத்தை என் பக்கம் திருப்பினேன்.

"அன்னைக்கு மோட்டார் ரூமுல வண்டி, வண்டின்னு சொன்னியல்லா? ஞாபகம் இருக்கா?"

"சரி."

"கீரை ஏத்துற வண்டியச் சொன்னியன்னா இந்தக் கட்ட எடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கேட்டியன்னா இத எடுங்க. எதுன்னாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பொய் சொல்லாதிய."

அவர் என்னையே பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு கட்டுகளைப் பார்த்தார். இடது கை எழுந்தது, இரண்டுக்கும் நடுவில் நின்றது. கை நகர்ந்து, ஆஸ்பத்திரி என்று நான் சொன்ன கட்டின் மேல் இறங்கியது. அதை எடுத்தார். அவர் அந்தக் கட்டைத் திருப்பிப் பார்த்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு தண்டைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளி, பக்கத்திலிருந்த கூடையில் வைத்தார். பிறகு மற்ற கட்டையும் எடுத்தார். அதையும் அப்படியே திருப்பிப் பார்த்துக் கூடையில் வைத்தார்.

பலகை காலியாகிவிட்டது. "சரி" என்றார். அடுத்த பிடித் தண்டுக்காகக் கையை நீட்டினார்.

நான் எடுத்துக் கொடுத்தேன்.