திப்பி இல்லாத கிண்ணம்

மருத்துவமனைச் சமையல்கார அம்மா, வெந்த கேரட்டை மத்தால் கடைந்துகொண்டிருந்தார். மசிப்பது என்றால் நசுக்கினால் போதும். கடைவது என்றால் நாக்கில் நெருடும் திப்பி ஒன்றுகூட மிஞ்சக்கூடாது. நேற்று அவர் மசித்ததோடு நிறுத்திவிட்டார். தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்த பெரியவருக்குப் புரையேறி, முகம் நீலம் பாரித்துவிட்டது.

கடைந்ததைப் புறங்கையில் தடவிப் பார்த்தார். ஏதோ நெருடியது. சல்லடையில் தேய்த்து எடுத்தார்.

"என்னக்கா, ஒரு கிண்ணத்துக்கு இவ்வளவு நேரமா? கல்யாணச் சமையலே முடிஞ்சிருக்கும்!" என்றாள் நர்ஸ்.

"சிரிக்காதம்மா. நேத்து நான் மசிச்சதோட விட்டதாலதான் பெரியவருக்குப் புரையேறிச்சு."

மறுபடி தடவினார். வழுவழுவென்று இருந்தது.

"அரைக் கரண்டி குடு. அவர் முழுங்கினதைப் பாத்துட்டு அடுத்ததைக் குடு," என்று கிண்ணத்தை இரண்டு கைகளாலும் நீட்டினார்.