வைக்கோல் பட்டாளத்தான்

போன வாரம் குடும்ப வாட்ஸப் குழுவில் மறுபடியும் ஒரு வீடியோ வந்து விழுந்தது. எந்த நாடோ தெரியவில்லை. ராணுவத்தில் வைத்திருப்பதைப் போன்ற ஒரு துப்பாக்கியோடு ஒருவர் ஜீப்பில் நின்றுகொண்டு காட்டுப்பன்றிக் கூட்டத்தைச் சுட்டுத் தள்ளுகிறார். 'இது வேட்டையா, அக்கிரமமா?' என்று கேட்டு என் தம்பி அனுப்பியிருந்தான். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. ஒருவர் பயிரைப் பார் என்கிறார், இன்னொருவர் பாவத்தைப் பார் என்கிறார். போன் சத்தத்தை அணைத்துவிட்டுப் படுத்தேன். எனக்கு இந்த வழக்கு சலித்துவிட்டது. மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே இதை முழுசாகக் கேட்டு முடித்தவள் நான்.

செஞ்சியில் எங்கள் வீட்டில் அது தினமும் நடந்தது. ஒரு பக்கம் நைனா, எதிர்ப்பக்கம் சித்தப்பா. நைனாவிடம் பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது, அவருடைய நைனா விட்டுப்போனது. குழாய் வாயில் மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்து, கம்பியால் குத்திக் குத்திக் கெட்டிக்க வேண்டும். ஒரு தடவை வெடித்துவிட்டு மறுதடவைக்குத் தயாராவதற்குள் நிதானமாக ஒரு டீ குடித்துவிடலாம். அதையும் அவர் பன்றியைப் பார்த்துச் சுட்டதில்லை, வானத்தைப் பார்த்துத்தான். நிலக்கடலை போட்ட எங்கள் கொல்லையில் மேய்கிற கூட்டம் சத்தம் கேட்டு மலைப்பக்கம் ஓடும், கொஞ்ச நாளில் சாவகாசமாகத் திரும்பி வரும்.

சித்தப்பா பட்டாளத்திலிருந்து பாதியில் வந்தவர். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் சொல்லிக்கொண்டார்கள். வந்ததிலிருந்து கறி சாப்பிடுவதில்லை. வடக்கே போய் நாக்கு செத்துவிட்டது என்பது அம்மாவின் கட்சி.

"வானத்த சுடுறதுக்கு எதுக்குண்ணா துப்பாக்கி?" என்று சித்தப்பாதான் ஆரம்பிப்பார். "நாங்க வச்சிருந்தது கையில இருந்தா ஒரு அமுக்கு. கூட்டமே காலி."

"அதுக்குப் பேரு வேட்டையாடா? ஒரு வெடி வெடிச்சா அதுக்கு ஓடறதுக்கு டைம் இருக்கணும். அத்தினி குண்டு பாய்ஞ்சா மிச்சம் இன்னா இருக்கும்? அள்ளக்கூட ஒண்ணும் இருக்காது."

இந்த இடத்துக்கு வந்ததும் சித்தப்பா தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விடுவார். நைனா ஜெயித்துவிட்டார் என்று நான் நினைத்துக்கொள்வேன். மறுநாள் பார்த்தால் சித்தப்பா தானாகவே மறுபடி ஆரம்பிப்பார். "ரெண்டு பேரும் வாயாலயே பன்னிய கொன்னுட்டீங்க, அது கொல்லையில ஜோரா தின்னுட்டு இருக்குது" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். பாவம், மல்லாட்டைக்கு, அதாவது அந்தக் கடலைக்கு, களை வெட்டி மண் அணைத்ததெல்லாம் அவள்தான்.

அந்த வருஷம் மல்லாட்டை பிடுங்குகிற சமயத்தில் எலெக்‌ஷன் வந்தது. எலெக்‌ஷன் என்றால் லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும், முடிந்த பிறகுதான் கிடைக்கும். நைனா துப்பாக்கியைப் பழைய லுங்கியில் சுற்றி, டிவிஎஸ் ஃபிப்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். பன்றிகளுக்கு யார் சொன்னார்களோ, மறுநாளே இறங்கிவிட்டன. வல்லம் ரோட்டோரம் இருந்த எங்கள் கொல்லையில் ஒரு மூலையே உழுதுவிட்ட மாதிரி கிடந்தது. பட்டாசு கொளுத்தினோம், தகரம் தட்டினோம், பழைய புடவைகளை வேலியில் கட்டினோம். அம்மா வரப்பில் உட்கார்ந்து அழுதாள். வருஷம் பூராவும் பாடுபட்டதைப் பன்றி வாயில் போட்டுவிட்டு எதைத் தின்பது என்று கேட்டாள். 

சித்தப்பாவுக்குத்தான் அந்த யோசனை வந்தது. என்னிடம் ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி இருந்தது. மேல்மலையனூர் அமாவாசைத் திருவிழாக் கடையில் நான் சொப்புச் சாமான் கேட்டு அழுதபோது, "சமைக்கிறதுக்கு இப்ப இன்னாடி அவசரம்?" என்று அவர் வாங்கிக் கொடுத்தது. கன்னங்கரேலென்று அசல் ராணுவத் துப்பாக்கி மாதிரியே இருக்கும். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பரணில் இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்து தன்னுடைய பச்சை யூனிபாரத்தையும் எடுத்தார். "சோளக்கொல்ல பொம்மைக்கா இத போடுவாங்க?" என்று அம்மா பதறினாள். "சும்மாதான அண்ணி கெடக்குது" என்றார்.

ஊரில் பொம்மை என்றால் குச்சியை நட்டு, கையை விரித்து, சட்டி கவிழ்த்து நிற்க வைப்பார்கள். சித்தப்பா அப்படிச் செய்யவில்லை. வைக்கோலை அடைத்து, வரப்புக்குப் பின்னால் அதை உட்கார வைத்தார். ஒரு காலை மடித்து, ஒரு காலை நீட்டி, முதுகைக் கல்லில் சாய்த்து, மடியில் துப்பாக்கி. தலை கொஞ்சம் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. நான் போய் நிமிர்த்தினேன், அவர் திரும்பவும் சாய்த்தார். காலையில் ஆரம்பித்த வேலை வெயில் ஏறிய பிறகும் முடியவில்லை. பன்றிக்குப் போய் இவ்வளவு அலங்காரமா என்று எனக்கு ஒரே சிரிப்பு.

பன்றி பயந்ததோ இல்லையோ, அன்று சாயங்காலம் எலெக்‌ஷன் பறக்கும் படை பயந்துவிட்டது. ரோட்டில் போன ஜீப் சடாரென்று நின்றது. அதிகாரி ஒருவரும் துப்பாக்கி வைத்திருந்த போலீஸ்காரர் ஒருவரும் இறங்கினார்கள். "யாருடா அது? கைய தூக்கு!" என்று கத்தினார்கள். பொம்மை அசையாமல் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. போலீஸ்காரர் தோளிலிருந்து துப்பாக்கியை எடுத்துக் குறி பார்த்தார். மோட்டார் கொட்டகையிலிருந்து நைனா, "பொம்ம சார்! பொம்ம!" என்று அலறிக்கொண்டே ஓடினார். சித்தப்பா அவரையும் தாண்டி, செடிகளை மிதித்துக்கொண்டு பாய்ந்து போய்ப் பொம்மைக்குக் குறுக்கே கையை விரித்து நின்றார்.

"சுடாதீங்க சார்! சும்மா ஒக்காந்துதான் இருக்கான்! அவன் ஒண்ணும் பண்ணல சார்!"

போலீஸ்காரர் துப்பாக்கியைத் தாழ்த்தினார். கிட்ட வந்து பார்த்துவிட்டு முதலில் அதிகாரி சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தோம். சிரித்தாலும் விடவில்லை. இரண்டு பேரையும் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய் எச்சரித்து அனுப்பினார்கள். "எலெக்‌ஷன் நேரத்துல வெளையாட்டா? ஒனக்கெல்லாம் எதுக்குய்யா லைசென்சு?" என்று கேட்டார்களாம். எலெக்‌ஷன் முடிந்தபின் நைனா தன் துப்பாக்கியைத் திரும்ப வாங்கப் போகவில்லை. போதும் என்றார், அவ்வளவுதான். அதற்குள் பாதிக் கொல்லையைப் பன்றி முடித்திருந்தது. மிச்சத்தை அம்மா தனியாகவே பிடுங்கினாள். வீட்டில் துப்பாக்கிப் பேச்சும் அதோடு நின்றது.

ஊர் மட்டும் விடவில்லை. யார் மேல் என்ன பழி வந்தாலும் டீக்கடையில் யாராவது ஒருவர், "அவன் ஒண்ணும் பண்ணல சார்!" என்று கையை விரித்துக்கொண்டு எழுந்து நிற்பார். கடையே சிரிக்கும். பள்ளிக்கூடத்தில் நானும் அப்படி நடித்துக் காட்டிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். சித்தப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

இப்போது அந்த வீடியோவுக்குக் கீழே எல்லோரும் எழுதியாகிவிட்டது. சித்தப்பா மட்டும் பார்த்திருக்கிறார், ஒன்றும் எழுதவில்லை.

அன்று ஸ்டேஷனிலிருந்து திரும்பியதும் அவர் நேராகக் கொல்லைக்குத்தான் போனார். என் துப்பாக்கி பத்திரமாக இருக்கிறதா என்ற கவலையில் நானும் பின்னாலேயே ஓடினேன். அவர் பொம்மைக்கு முன்னால் மண்டியிட்டு, சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பொம்மைதானே, பிடித்து இழுத்தால் வந்துவிடாதா? வைக்கோல் தலை தொங்கிவிடாமல் ஒரு கையால் தாங்கிக்கொண்டிருந்தார்.

"வலிக்குமா சித்தப்பா அதுக்கு?" என்று கேட்டுச் சிரித்தேன்.

"இல்லடி கண்ணு. இப்ப வலிக்காது" என்றார்.

என் துப்பாக்கியில் ஒரு கீறல்கூட இல்லை. அந்தச் சந்தோஷத்தில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் குதித்துக் குதித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். யார் அந்த 'அவன்' என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.