உருண்டை டீச்சரின் கையுறை நாள்

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் உருண்டை டீச்சர். ஆள் என்னவோ துடைப்பக்குச்சி மாதிரிதான் இருப்பார். மூன்றாம் வகுப்புக்குப் போகும்போதெல்லாம் உலக உருண்டையைக் கைக்குழந்தைபோல இடுப்பில் வைத்துக்கொண்டு போவதால் வந்த பெயர் அது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோர் இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, ஆளைப் பார்த்துக் குழம்புவது வருடாவருடம் நடக்கும் வேடிக்கை.

டிசம்பர் விடுமுறைக்கு முந்தைய வாரம் அந்தப் பள்ளியில் யாருக்கும் வேண்டாத வாரம். தேர்வு முடிந்திருக்கும். ஆசிரியர்கள் விடைத்தாள் திருத்துவார்கள், பிள்ளைகள் கூரை பிய்ந்துபோகும்படி கத்துவார்கள். அந்த வாரத்தைத் தனக்குக் கொடுக்கும்படி டீச்சர் கேட்டு வாங்கிக்கொண்டார். பனியே விழாத ஊர்ப் பிள்ளைகளுக்கு, பனி விழும் தேசங்களில் குளிர்காலத்தை எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று சொல்லிக்கொடுத்தார். சுவீடனில் பெண்பிள்ளைகள் தலையில் மெழுகுவர்த்திக் கிரீடம் வைத்துக்கொண்டு விடிகாலையில் பாடிக்கொண்டு வருவது, வருடத்தின் மிக நீண்ட இரவில் ஈரானியக் குடும்பங்கள் மாதுளம்பழத்தை உதிர்த்துச் சாப்பிட்டபடி விழித்திருப்பது, ஜப்பானில் எலுமிச்சை போன்ற பழங்களை வெந்நீரில் மிதக்கவிட்டுக் குளிப்பது, எல்லாம்.

"குளிச்சு முடிச்சதும் அந்தப் பழத்தைச் சாப்பிடுவாங்களா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எனக்குத் தெரியல. விசாரிச்சுச் சொல்றேன்."

அவர் விசாரித்தார். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும், இரண்டு நாள் கழித்து விடையோடு வந்து நிற்பதும் அவருடைய பழக்கம். வாய்க்கு வந்ததைச் சொல்லிப் பிள்ளைகளைச் சமாளிக்கிறவர்களை அவருக்குப் பிடிக்காது.

அந்த வாரம் தொடங்கிய முதல் வருடமே, பழைய சிறுவர் பத்திரிகை ஒன்றில் பின்லாந்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் முகவரி கிடைத்தது. வகுப்பில் முப்பது பேரும் ஆளுக்கொரு கடிதம் எழுதினார்கள். டீச்சர் அவற்றை ஆங்கிலத்தில் எழுதிச் சேர்த்து, எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அந்தக் கடிதக் கட்டைப் பள்ளி நூலகரிடம் கொடுத்தார். நூலகரின் வீட்டுக்குப் போகும் வழியில்தான் தபால் நிலையம்.

நூலகர் அவரைவிட நான்கு வயது மூத்தவர். டீச்சர் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். மதியம் இருவரும் நூலகத்தில்தான் சாப்பிடுவார்கள். ஒருவர் புடவை எடுத்தால் இன்னொருவரைக் கேட்காமல் எடுப்பதில்லை. தம்பியோடு எட்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை என்பதை டீச்சர் பள்ளியில் சொன்னது அந்த ஒருவரிடம்தான். அம்மாவின் கடைசிக் காலத்தில் யார் பார்த்துக்கொள்வது என்று தொடங்கிய சண்டை. அதைச் சொல்லும்போது அழுதார். அக்கா முதுகைத் தடவிக்கொடுத்தார்.

பதிலுக்குப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஒரு மாதம், இரண்டு மாதம். தினமும் நூலக வாசலில் நான்கைந்து தலைகள் எட்டிப் பார்க்கும். மூன்றாம் மாதம் பதில் வந்தது. பத்திரிகைகளோடு கலந்து வந்ததால் உறையைப் பிரித்துவிட்டதாக அக்கா சொன்னார். அயல்நாட்டுத் தபால்தலை இரண்டை வெட்டிப் பிள்ளைகளிடம் கொடுத்தார்.

அழகான கடிதம். எங்கள் சிறிய ஊரில் கையுறை நாள் என்று ஒன்று உண்டு என்று அந்த ஊர் டீச்சர் எழுதியிருந்தார். வருடத்தின் மிகக் குறுகிய பகலில், யாரோடு சண்டையோ அவர்கள் வீட்டுக் கதவில் ஒரு கையுறையை மட்டும் மாட்டிவிட்டு வர வேண்டும். மற்றது நம்மிடம் இருக்கும். ஒற்றைக் கையுறையை வைத்துக்கொண்டு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அதைத் திருப்பிக் கொடுக்கவாவது அவர்கள் வந்துதான் ஆக வேண்டும்.

பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அட்டையில் கையுறை வெட்டினார்கள். 'கா' விட்ட சிநேகிதியின் மேசையில், அடித்த அண்ணனின் அறைக் கதவில் மாட்டினார்கள்; ஒருத்தி தலைமையாசிரியையின் அறையிலும் மாட்டினாள். அந்தச் சனிக்கிழமை டீச்சரும் கடையில் ஒரு ஜோடி கம்பளிக் கையுறை வாங்கினார். இரண்டு பேருந்து மாறிப் போய்த் தம்பி வீட்டுக் கதவில் ஒன்றை மாட்டிவிட்டு, மணியை அடிக்காமல் திரும்பிவிட்டார். பத்தாம் நாள் தம்பி வந்தான்.

"என்னக்கா, வெயில் காலத்துல கையுறை?" என்றான்.

அப்புறம் அது நின்றுபோகவில்லை. பதினைந்து வருடம் பிள்ளைகள் எழுதினார்கள், பதினைந்து வருடம் பதில் வந்தது. ஒவ்வொரு கடிதத்தையும் டீச்சர் முதலில் ஆசிரியர் அறையில் வாசித்துக் காட்டுவார். கணக்கு வாத்தியார் சாப்பாட்டு டப்பாவுக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொள்வார். முரட்டு மனிதர், ஆனால் மனசு இளகியவர் என்று டீச்சர் நினைத்துக்கொள்வார்.

முதல் வருட வகுப்பில் படித்த ஒரு பெண் நர்ஸாகிப் பின்லாந்துக்கே வேலைக்குப் போனாள். டிசம்பர் கடைசியில் வீடியோவில் கூப்பிட்டாள்.

"டீச்சர், கையுறை நாள் இங்க யாருக்குமே தெரியல. பக்கத்து வீட்டுப் பாட்டி கதவுல மாட்டினேன். நான் தவறவிட்டுட்டேன்னு நெனச்சு, மடிச்சு என் தபால் பெட்டியில போட்டுட்டாங்க."

"அது அந்தச் சின்ன ஊர்ல மட்டும் இருக்கும்மா."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். லீவு நாள்ல அந்த ஊருக்கே போனேன் டீச்சர்." அவள் தயங்கினாள். "அந்த ஸ்கூலை மூடி இருபது வருஷம் ஆச்சாம். நம்ம எழுத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே. இப்ப அங்க மரப்பலகை அடுக்கி வச்சிருக்காங்க. போட்டோ அனுப்பறேன்."

போட்டோ வந்தது. டீச்சர் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு பரண்மேல் இருந்த கோப்பை இறக்கி, வந்த கடிதங்களையும் போன கடிதங்களின் நகல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தார். நான்காம் வருடக் கடிதத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. 'உங்கள் தம்பி நலமா?' அப்போது வாசித்தபோது, எப்போதோ நாம் எழுதியிருப்போம் என்று விட்டுவிட்டார். இப்போது நகல்களை முழுக்கத் தேடினார். தம்பி என்ற சொல்லே எதிலும் இல்லை.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, விளையாட்டு வகுப்பு நேரத்தில் நூலகத்துக்குப் போனார். நூலகர் புதுப் புத்தகங்களுக்குப் பழுப்புத் தாளில் அட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த லெட்டரெல்லாம் யாரு எழுதினது?"

"எந்த லெட்டரு?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

நூலகர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். மறுக்கவில்லை.

"முதல் கட்டு திரும்பி வந்துடுச்சு. அப்படி ஒரு ஸ்கூல் இல்லைன்னு முத்திரை குத்தி. நீ தினம் வந்து முகத்தைப் பாத்துட்டுப் போவே. வாசல்ல பசங்க வேற. எனக்கு மனசு கேக்கல. ஒரு தடவை எழுதிட்டு விட்டுடலாம்னு நெனச்சேன்."

"பதினைஞ்சு வருஷம் ஒரு தடவையா?"

"ஒவ்வொரு வருஷமும் இதுதான் கடைசின்னுதான் நெனப்பேன்."

"பசங்க எழுதினது?"

நூலகர் எழுந்து பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்தார். பதினைந்து கட்டுகள். ஒவ்வொன்றிலும் வருடம் குறித்து நூல் கட்டியிருந்தது. முதல் கட்டைத் தவிர எதுவும் தபால் நிலையத்தைப் பார்த்ததில்லை. நானூற்றைம்பது பிள்ளைகள் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதிய கடிதங்கள்.

"ஒண்ணைக்கூட நான் தூக்கிப் போடல" என்றார் நூலகர், அது தன் பக்கத்து நியாயம் என்பதுபோல.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

நூலகர் ஜன்னலைப் பார்த்தார். "கணக்கு சாருக்குத் தெரியும். ஆபீஸ் கிளார்க்குக்கு. அவருதான் பிரிண்ட் எடுத்துக் குடுப்பாரு."

டீச்சருக்கு அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவுக்குள் கவிழ்ந்த முகம் புரிந்தது. காது மடல்கள் சுட்டன. பதினைந்து வருடம் கூட்டத்தின் நடுவில் நின்று வாசித்திருக்கிறார், குரலில் ஏற்ற இறக்கத்தோடு.

"உன்னை யாரும் கேலி பண்ணல. இங்க பாரு, உன் தம்பி திரும்பி வந்தானா இல்லையா? எதுக்காக அந்த நாளைக் கற்பனை பண்ணினேன்னு நெனக்கிறே?"

"நான் உங்ககிட்ட அழுதேன். அதை எடுத்து எனக்கே பாடமா எழுதிக் குடுத்திருக்கீங்க. நான் அதைப் பசங்களுக்கு நிஜம்னு சொல்லிக்குடுத்தேன்."

"நல்லதுதானே நடந்துச்சு."

"என்னைக் கேட்டிருந்தா, கதையாவே சொல்லியிருப்பேன். கதைன்னு சொல்லிட்டுச் சொல்லியிருப்பேன்."

மணி அடித்தது. டீச்சர் பதினைந்து கட்டுகளையும் இரண்டு நடையாகத் தூக்கிக்கொண்டு போனார். நூலகர் உதவிக்கு நீட்டிய கையை அவர் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் விட்டுவிட்டார்.

அன்று மாலை தம்பிக்குப் போன் செய்தார். அவன் சிரித்தான். "யாரு சொன்னா என்னக்கா, பஸ் ஏறி வந்தது நீதானே." எல்லாருக்கும் எல்லாம் எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தார்.

மறுநாள் மூன்றாம் வகுப்பில் உண்மையைச் சொன்னார். யார் எழுதினார்கள் என்று சொல்லவில்லை. கையுறை நாள் என்று ஒன்று எந்த நாட்டிலும் இல்லை, யாரோ எழுதிய கற்பனை, எனக்குத் தெரியாமல் போய்விட்டது, தப்பு என்னுடையது என்றார்.  கடைசி பெஞ்சுப் பெண் கையைத் தூக்கினாள்.

"அப்போ தலையில மெழுகுவர்த்தி வைக்கிறதும் பொய்யா டீச்சர்?"

"இல்லம்மா. அது நிஜம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்விதான் அவரை உட்காரவைத்தது. வந்த கோபத்தையெல்லாம் விட அது ஆழமாகப் போயிற்று. 

அடுத்த பதினொரு மாதம் ஒவ்வொன்றையும் மறுபடி தேடினார். புத்தகம், படம், அந்தந்த நாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள், யார் கிடைத்தாலும் விடவில்லை. வகுப்பில் காட்டும் ஒவ்வொரு பட அட்டையின் பின்னாலும் அது எங்கிருந்து தெரிந்தது என்று எழுதி ஒட்டினார். நர்ஸ் பெண் மூலமாகப் பின்லாந்தில் நிஜமான ஒரு டீச்சர் கிடைத்தார். அவரிடமிருந்து வந்தது ஐந்தே வரி. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பாலில் அரிசிக் கஞ்சி காய்ச்சி, அதில் ஒரே ஒரு பாதாம் பருப்பைப் போடுவோம். சாயங்காலம் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றுவோம். பனியில் நூற்றுக்கணக்கில் எரியும். வேறொன்றும் விசேஷம் இல்லை.

"கையுறை நாள்தான் நல்லா இருந்துச்சு" என்றான் ஒருவன்.

"ஆமாடா. நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் டீச்சர்.

பள்ளியில் அவர் யாரிடமும் புகார் செய்யவில்லை. சாப்பாட்டை வகுப்பிலேயே வைத்துக்கொண்டார். கணக்கு வாத்தியார் ஒருநாள் வந்து, "விளையாட்டா எடுத்துக்கிட்டோம் டீச்சர், தப்புத்தான்" என்றார். டீச்சர் சரி என்றார். நூலகர் இரண்டு முறை கடிதம் எழுதி மேசையில் வைத்தார். அவர் எழுதும் கடிதத்தை இனி எப்படி நம்பி வாசிப்பது? பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான்கு வருடம் கழித்து நூலகர் ஓய்வு பெற்றார். இருவரும் நெருங்கிய சிநேகிதிகள் என்று நினைத்திருந்த புதுத் தலைமையாசிரியை, வாழ்த்துரைக்கு டீச்சரைக் கேட்டார். டீச்சர் எழுந்து நின்று மூன்று வரி வாசித்தார். இவர் முப்பத்தோரு வருடம் இந்த நூலகத்தைப் பார்த்துக்கொண்டார். இவர் காலத்தில் ஒரு புத்தகமும் தொலைந்ததில்லை. மழைநாளில் பிள்ளைகளை உள்ளே உட்காரவிட்டார். அவ்வளவுதான். மூன்றும் உண்மை.

கூட்டம் கலைந்ததும் நூலகர் மாலையோடு வாசல்வரை வந்தார்.

"இன்னும் ஒரு வரி சேர்த்திருக்கலாம் நீ."

"யோசிச்சுப் பாத்தேன். என்ன சேர்த்தாலும் பொய்யாயிருக்கும் அக்கா."

நான்கு வருடமாகச் சொல்லாத சொல் பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. நூலகரின் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும், டீச்சர் குடையை விரித்துக்கொண்டு வேகமாக நடந்தார். வீடு போய்ச் சேரும்வரை தன்னையே திட்டிக்கொண்டு போனார்.