தனி ஆளுக்கு ரூம் இல்லை

காலை எட்டு மணிக்கு விழுப்புரம் பேருந்து நிலையத்தில் திண்டிவனம் பேருந்தில் ஏறினேன். கட்டணம் முப்பத்தைந்து ரூபாய், தூரம் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஊர் சுற்றக் கிளம்பி இது மூன்றாவது மாதம். நாளொன்றுக்கு எழுநூறு ரூபாய் என்று நானே ஒதுக்கீடு செய்து, நானே தணிக்கையும் செய்கிறேன். கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு இந்த வியாதி தீராது. இட்லி பத்து, தேநீர் பன்னிரண்டு என்று இந்தப் பக்கத்து விலைவாசியில் இன்னும் கொஞ்சம் மனிதத்தன்மை இருக்கிறது. விடுதிகளில்தான் அது இல்லை.

தனியாக வரும் ஆளுக்கு அறை கொடுக்க மாட்டார்கள். விழுப்புரத்தில் மூன்று இடங்களில் கேட்டேன். பலகையில் வாடகை எழுதியிருந்தது, ஆணியில் சாவிகள் தொங்கின, "ரூம் இல்லைங்க" என்றார்கள். தனி நபருக்கு அறை மறுக்க எந்த விதியில் இடமிருக்கிறது என்று கேட்டேன். விதி அல்ல, பயம். தனியாக உள்ளே போகிறவன் நடந்து வெளியே வருவான் என்பதற்கு உத்தரவாதம் இல்லையாம். வீட்டிலிருந்து யாராவது போனில் பேசினால் கொடுப்பார்களாம். என் வீட்டில் போன் எடுப்பவள் போன ஆண்டு காலமாகிவிட்டாள். கடைசியில் அந்த ஊரில் இருக்கும் பழைய சக ஊழியர் ஒருவர் நேரில் வந்து, நான் சாக மாட்டேன் என்று உறுதியளித்த பிறகு சாவி கிடைத்தது.

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினார். "சாப்டுங்க சார், அவிச்ச மல்லாட்டை." பெயர் அந்தோணி, முகையூர் பக்கம், கூலி வேலை. என் வயதுதான். பார்த்தால் பத்து வயது கூடுதலாகத் தெரியும்.

"திண்டிவனத்துல யார் இருக்காங்க?" என்று கேட்டேன்.

"யாரும் இல்ல சார். எம் புள்ள செத்துப்போன ரூமைப் பாக்கப் போய்க்கினு இருக்கேன்."

விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வரிசையில் பேருந்து நின்றிருந்தபோது மீதியைச் சொன்னார். மகன் உர வியாபாரத்தில் விற்பனைப் பிரதிநிதி, ஊர் ஊராகச் சுற்றும் வேலை. போன வருடம் சித்திரை வெயிலில் திண்டிவனத்து விடுதி ஒன்றில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. வயது முப்பத்தொன்று. அந்தோணி ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தார், உடலை வாங்கிக்கொண்டு போனார். விடுதியைப் பார்க்கவில்லை.

"எங்க வூட்டுக்காரி தூங்க மாட்டேன்றா சார். அந்த ரூம்ல ஜன்னல் இருந்துச்சா, இருந்துச்சான்னு கேட்டுக்கினே கீறா. காத்து இல்லாம மூச்சு முட்டி செத்துட்டானாம். டாக்டரு ஹார்ட்டுனு எழுதிக் குடுத்தாருடின்னா, அவரு ரூமைப் பாத்தாரான்றா. நா இன்னா பதில் சொல்றது?"

"போய்ப் பார்க்க வேண்டியதுதானே?"

"ரெண்டு வாட்டி வந்தேன். தனி ஆளுக்கு ரூம் இல்லன்னு தொரத்திட்டாங்க."

"காரணத்தைச் சொல்லலாமே."

"செத்த கதையைச் சொன்னா படியேத்துவானா சார்? லாட்ஜுகாரனுக்கு அது பேஜாரு."

எனக்கும் அங்கே அறை கிடைக்கப் போவதில்லை என்றேன். இருவராகப் போனால் கிடைக்கும், வாடகையும் பாதியாகும். அவர் என் சட்டையையும் கண்ணாடியையும் ஒருமுறை பார்த்தார்.

"உங்கள மாதிரி ஆளுங்க எங்கூடத் தங்குவீங்களா சார்?"

"குறட்டை விடுவீங்களா?"

"வுடுவேன்."

"நானும் விடுவேன். கணக்கு நேர் ஆயிடுச்சு."

பத்து மணிக்குள் விடுதியில் இருந்தோம். இரட்டை அறை எழுநூறு ரூபாய், தலைக்கு முந்நூற்றைம்பது. ஆதார் நகல் இரண்டு. என்ன உறவு என்று மேலாளர் கேட்டார். நண்பர் என்றேன், பழகி ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. "எட்டாம் நம்பர் கெடைக்குமாங்க?" என்று அந்தோணி கேட்டார். அந்த எண்ணைப் போலீஸ்காரர் சொல்லியிருந்தாராம். மேலாளர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்தார்.

மாடியில் கதவைத் திறந்ததும் எதிரே ஜன்னல். இரண்டு கதவு வைத்த பெரிய ஜன்னல், வெளியே புங்கமரம். அந்தோணி கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு, நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டார். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

மேலாளர் எனக்கும் ஒரு தேநீர் வரவழைத்தார். "தப்பா நெனைக்காதீங்க சார். பெரியவரு எட்டுதான் வேணும்னாரே, இன்னா சமாச்சாரம்?"

சொன்னேன். அவர் தேநீரை மேசையில் வைத்தார்.

"அய்யய்யோ. அந்தத் தம்பியோட அப்பாவா? சார், அது இந்த எட்டு இல்ல."

"வேற எந்த எட்டு?"

"தம்பி போனதுக்கு அப்பறம் அந்த ரூமை யாரும் எடுக்கல. ஓனரு அதுக்கு நம்பரே இல்லாம பண்ணிட்டு, அடுத்ததெல்லாம் ஒண்ணொண்ணு தள்ளிப் போட்டுட்டாரு. இப்ப எட்டுன்றது அப்ப ஒம்போது."

மாடிப்படிக்கு அடியில் இருந்த கதவைத் திறந்து காட்டினார். பழைய மெத்தைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. ஜன்னல் இல்லை. சுவரின் உச்சியில் காற்றாடி வைக்க விட்ட ஓட்டை இருந்தது, அதையும் அட்டையால் அடைத்திருந்தார்கள். உள்ளே ஒரு நிமிடம் நின்றதில் சட்டை முதுகில் ஒட்டியது.

"நூறு ரூபா கம்மின்னு தம்பி எப்பவும் இதைத்தான் கேப்பாரு சார். கம்பெனி குடுக்கற பேட்டால மிச்சம் புடிப்பாரு."

நான் தனியாக வந்திருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"பெரியவராண்ட சொல்லிடட்டா சார்? இந்தப் பாவம் எனக்கு வேணாம்."

"வேணாம். பூட்டிடுங்க."

மேலே அந்தோணி ஜன்னலைச் சாணால் அளந்துகொண்டிருந்தார். "நாலு சாண் அகலம், நெட்டுக்கு அஞ்சரை. எங்க வூட்லயே இம்மாம் பெரிய ஜன்னல் கெடையாது சார்." முகம் தெளிந்திருந்தது. மனைவிக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டினார். "நா சொன்னா, தேத்தறதுக்குச் சொல்றேன்னுவா. நீங்க படிச்சவங்க, நீங்க சொல்லுங்க."

"அய்யா, நீங்க யாருங்க?" என்றது மெல்லிய குரல்.

"ரிட்டயர்டு ஆபீசர்மா. உங்க வீட்டுக்காரர்கூட ரூம்லதான் இருக்கேன்."

"எட்டாம் நம்பர்தானுங்களா?"

"எட்டுதாம்மா."

"ஜன்னலு?"

"இருக்கு. பெருசு."

"தொறக்க வருதுங்களா? ஆணி அடிச்சு வெக்கலியே?"

"தொறந்துதான் இருக்கும்மா."

"காத்து?"

அந்தோணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பிக்கு வெளியே கையை நீட்டினேன். புங்கமரத்தில் ஓர் இலையும் அசையவில்லை.

"வருதும்மா. நல்லா வருது."

"சரிங்கய்யா" என்று போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை அந்தோணியை விழுப்புரம் பேருந்தில் ஏற்றிவிட்டேன். "முகையூர் பக்கம் வந்தா வாங்க சார், கோழி அடிச்சுப் போடறேன்" என்றார். நான் மாமிசம் சாப்பிடுவதில்லை, சாப்பிடுவேன் என்றேன். முந்தைய நாளின் செலவு அறையோடு சேர்த்து ஐந்நூற்று எண்பது, ஒதுக்கீட்டில் நூற்றிருபது மிச்சம். பணியில் இருந்த காலத்தில், அசலைப் பார்க்காமல் எந்த நகலிலும் நான் சான்றொப்பம் இட்டதில்லை. இந்த ஜன்னலுக்கும் அசலைப் பார்த்த பிறகுதான் இட்டேன்.