மச்சான் ஜீப்பும் நான் வாங்காத பைக்கும்

போடியிலிருந்து மலைமேல் இருக்கும் ஏலத்தோட்டத்துக்குத் தினமும் என் மனைவியின் அண்ணன் ஓட்டும் ஜீப்பில்தான் வேலைக்குப் போகிறேன். தோட்டத்து ஆட்களோடு நெருக்கியடித்து, யாருடைய தூக்குவாளியோ என் மடியில்.

மார்கழிப் பனியில் போடிமெட்டு வளைவுகள் ஏறத் தோதான பைக் ஒன்று பார்க்க, இன்று வீட்டில்கூடச் சொல்லாமல் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் இரண்டு வண்டி காட்டினார். ஒன்று ஏற்றத்தில் நன்றாக இழுக்குமாம், ஆனால் குளிரில் உதைத்துத்தான் கிளப்ப வேண்டுமாம். இன்னொன்றில் உட்கார்ந்து பார்த்தேன். மடியில் யாருடைய தூக்குவாளியும் இல்லை.

"எதுக்கும் மெட்டு ரோடு தெரிஞ்ச ஆளுகிட்ட ஒரு வார்த்த கேட்ருவோம்ண்ணே" என்று போனை எடுத்தார்.

சற்று நேரத்தில் கடை வாசலில் வந்து நின்றது மச்சானின் ஜீப்.

இறங்கி வந்து டயரை அமுக்கிப் பார்த்தார்.

"வண்டி நல்ல வண்டிதான் மாப்ளே. ஆனா நான் ஜீப்ப வச்சுக்கிட்டு நீங்க பைக்குல போனா, நமக்குள்ள பேச்சுவார்த்த இல்லன்னுல்ல ஊரு பேசும்."

"அதுக்கில்ல மச்சான், நெருக்கமா இருக்குன்னுதான்."

"அம்புட்டுத்தானா. நாளையிலேர்ந்து ஒங்களுக்கு முன்சீட்டு."

முன்சீட்டில் ஏற்கெனவே இருவர் உண்டு. எனக்குக் கிடைக்கப்போவது நடு இடம். கியர் கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு கால், இந்தப் பக்கம் ஒரு கால்.

வீட்டுக்கும் அந்த ஜீப்பிலேயே கொண்டுவந்து விட்டார்.

மச்சான் ஜீப்பிலிருந்து தப்பித்தவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள். மெட்டு ரோடு தெரிந்த ஆளிடம் மட்டும் கேட்கச் சொல்லாதீர்கள்.