மூச்சு விட்ட இடம்

நீடாமங்கலத்தில் ரயில் ஏறி எனக்கு எதிரில் உட்கார்ந்தவர் சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். காதில் பென்சில். விரல்கள் முழங்காலில் ஓயாமல் தாளம் போட்டன. தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவராம்.

பைபிள் சங்கீதம் ஒன்றுக்குப் புது மெட்டுப் போட்டிருந்தார். போன இரண்டு ஞாயிறும் சபையார் மூச்சு முட்டிப் பாதி வரியிலேயே நிறுத்திவிட்டார்களாம். "இந்த வாரமும் பாடலைன்னா பழைய மெட்டுதான்னு போதகர் சொல்லிட்டாரு. கொஞ்சம் படிங்க தம்பி" என்று தாளை நீட்டினார்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். பிழையில்லாமல் கணீரென்று படித்தேன்.

"பரிசு வாங்குற படிப்பு!" என்று சிரித்தவர், காலி மீன் கூடையோடு பக்கத்தில் இருந்த ஓர் அம்மாவிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா."

"எனக்கு எழுத்து தெரியாதுங்க. எங்க சாமியும் வேற."

"எங்க சபையிலயும் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. தம்பி சொல்லச் சொல்லச் சொல்லுங்க."

இன்னும் எத்தனை நாள் என்னை மறந்திருப்பாய் என்று கடவுளைக் கேட்கும் வரி. 'இன்னும்' என்றதும் அந்த அம்மா நின்றார். பெருமூச்சு விட்டுத்தான் மீதியைச் சொன்னார். "எங்க கோயில் ஆத்தாகிட்ட நானும் இதத்தான் கேக்குறேன்."

ஆர்கன்காரரின் விரல்கள் நின்றன. பென்சிலை எடுத்து அந்தச் சொல்லுக்குப் பின்னால் மூச்சு விட ஒரு கோடு போட்டார். அங்கே நிறுத்தி மெல்லப் பாடினார். இரண்டாம் முறை அந்த அம்மாவும் சேர்ந்துகொண்டார்.

ஆர்கன்காரர் திருவாரூரில் இறங்கிப் போய்விட்டார். ஞாயிறன்று சபை பாடியதா, தெரியாது. நான் அவ்வளவு நன்றாகப் படித்தும் அவருக்கு ஒரு கோடு போட இடம் கிடைக்கவில்லையே என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.