பதினான்காம் நிலைக்குப் பூட்டு

போன தவக்காலத்தின் முதல் வாரம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். என்னிடம் இருந்த பாவம் ஒன்றே ஒன்று, கோபம். அதையும் விட்டுவிடுகிற உத்தேசம் இல்லை.

அதற்கு முந்தின வருஷம் அம்மா இறந்தாள். எங்கள் கோயில் ஊர்த்தெருவில் இருக்கிறது. கல்லறைத் தோட்டத்தின் பெரிய கேட்டும் அதே தெருவின் கடைசியில்தான். எங்கள் காலனிச் சாவு மட்டும் அந்த வழியாகப் போகக் கூடாது. ஏரிக்கரையைச் சுற்றி, பின்பக்கச் சந்தில் நுழைந்து, நடுவில் கட்டியிருக்கிற இடுப்பளவுச் சுவருக்கு இந்தப் பக்கம் புதைக்க வேண்டும். ஒரே ஞானஸ்நானம், ஒரே நற்கருணை, செத்தால் மட்டும் ரெண்டு வாசல். நாங்கள் அம்மாவை நேர்வழியில் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். கேட்டுச் சாவியை வைத்திருக்கும் பெரியவர் தன் வீட்டு எதிரே தெருவை மறித்து நின்றார். அரைமணி நேரம் அம்மா வெயிலில் கிடந்தாள். பிறகு ஏரிக்கரை வழிக்கே திரும்பிவிட்டோம். மறித்ததைக் காட்டிலும், திரும்பியதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

"செத்தவங்களுக்கு எந்த எடமா இருந்தா இன்னாம்மா? மன்னிச்சிடு" என்றார் சாமியார்.

"அப்ப செவுரு எதுக்கு சாமி?"

அவர், "ஒருவாட்டி சிலுவைப் பாதை பண்ணும்மா" என்று பரிகாரம் கொடுத்தார். இயேசு சிலுவை சுமந்த வழியைப் பதினான்கு நிலைகளாக நின்று நின்று ஜெபிப்பது அது. எங்கே செய்வது என்று சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை விழுப்புரத்தில் ஆஸ்பத்திரி லேப் வேலை மதியத்தோடு முடிந்ததும் திண்டிவனம் வந்து, டவுன் பஸ் மாறி ஊருக்குப் போனேன். மணி மூன்று. தெருவில் ஈ காக்கை இல்லை. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அம்மா போயிருக்க வேண்டிய வழியில் தனியாக நடக்க ஆரம்பித்தேன். பாட்டு இல்லை, மைக் இல்லை, உதடுகூட அசையவில்லை. கடைசி நிலை, இயேசுவைக் கல்லறையில் வைப்பது. அதைப் பெரிய கேட்டு வழியாகப் போய், சுவரைத் தாண்டி அம்மாவின் குழிமேட்டில் செய்வதாக முடிவு.

நான்காம் நிலையில் இயேசு தாயைச் சந்திக்கிறார். அங்கே அழுகை வந்தது, துடைக்கவில்லை. ஐந்தாம் நிலையில் சிலுவையைச் சுமக்க சீமோன் வருகிறார். அம்மாவைத் தூக்கிவந்த அன்றைக்கு இந்தத் தெருவில் ஜன்னலுக்கு ஜன்னல் ஆள் நின்று பார்த்தது. ஒரு சீமோனும் படியிறங்கவில்லை. பன்னிரண்டாம் நிலை, இயேசு உயிர் விடுவது, பெரியவர் வீட்டு வாசலில் வந்தது. அதற்கு முழங்காலிட வேண்டும். காயப்போட்டிருந்த மல்லாட்டைக் கடலைக்குப் பக்கத்தில், கொதிக்கிற தார் ரோட்டில் முழங்காலிட்டேன்.

பெரியவர் வெளியே வந்தார். "யாரும்மா அது? இன்னா வோணும்?"

"ஜெபம் பண்ணிக்கினு இருக்கேங்க."

அவர் கழுத்திலும் ஜெபமாலை தொங்கியது. எழுந்திரு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

கேட்டு பூட்டியிருந்தது. பின்பக்கச் சந்து எப்போதும்போலத் திறந்துதான் கிடந்தது. நான் போகவில்லை. பதிமூன்று நிலையோடு திரும்பினேன். பரிகாரம் பாதியில் நின்றதால் அடுத்த வெள்ளியும் போனேன், அதற்கடுத்த வெள்ளியும் போனேன். ஜெபம் செய்தால் கோபம் கரையும் என்பார்கள். என் கோபம் கரையவில்லை, முதுகுதான் நிமிர்ந்தது.

குருத்து ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளி, பெரியவர் கேட்டருகிலேயே காத்திருந்தார். "இன்னும் எத்தினி வாரம்மா இப்டி வருவ? தவக்காலமே முடியப் போவுது" என்றார்.

"பரிகாரம் முடியலீங்களே. பதிமூணுதான் ஆச்சி, பதினாலாவது உள்ள இருக்குது" என்றேன். "சாவி உங்க கையிலதான இருக்குது? எப்ப முடிக்கலாம்னு நீங்களே சொல்லுங்க."